அரைக்குள் முக்கால்

எங்கள் ஊர் வாசகசாலைச் சுவரில் ரெத்தினதாஸ் சாரின் படம் தொங்குகிறது. கீழே சிவப்பு பெயிண்டில் ‘எல்லைப் போராட்ட வீரர்’ என்று எழுதியிருக்கிறார்கள். படத்தில் அவர் கழுத்தில் ஒரு ரோஜா மாலை. அது அவர் போட்டுக்கொண்ட மாலை இல்லை, ஸ்டுடியோக்காரன் வரைந்து சேர்த்தது. வீரர் என்பதும் அப்படிச் சேர்த்ததுதான். உயிரோடு இருந்த காலத்தில் அந்த மனுஷன் மல்லுக்கட்டியது ஒரே ஒரு விஷயத்தோடு. அது பின்னங்களின் வகுத்தல். ஆனால் அதைப் படத்துக்குக் கீழே எழுதினால் யார் வந்து மாலை போடுவார்கள்?

என் பெயர் செல்லபாய். பாறசாலைக்குக் கிழக்கே புளியறவிளையில், மிஷன் மிடில் ஸ்கூலில் அவர் கணக்கு எடுத்தார், நான் சயன்ஸ் எடுத்தேன். இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். அவர் வகுப்பில் விழும் பிரம்படிச் சத்தம் கேட்டுத்தான் என் வகுப்புப் பிள்ளைகள் மலர்களின் பாகங்களைப் படித்தன. ஆகவே நான் சொல்வதைக் கொஞ்சம் நம்பலாம்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், ஆறாம் வகுப்பு. சார் கரும்பலகையில் வழக்கம்போல எழுதிப் போட்டார்: பின்னத்தைப் பின்னத்தால் வகுக்க, இரண்டாவதைத் தலைகீழாக்கிப் பெருக்கு. பன்னிரண்டு வருஷமாக அதைத்தான் எழுதினார். பிள்ளைகளும் ஆமென் சொல்வதுபோல எழுதிக்கொண்டன. அன்றைக்குப் பிரேமகுமாரி என்ற ஒரு பிள்ளை எழுந்து, எதற்காகத் தலைகீழாகப் போட வேண்டும் என்று கேட்டுவிட்டாள். அந்தக் காலத்தில் பிள்ளைகள் கேள்வி கேட்டால் பதில் ஒன்றுதான். கையை நீட்டச் சொல்லி இரண்டு போட்டார்.

மறுநாள் காலையில் கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்றார். ராத்திரி முழுக்க யோசித்தாராம், பதில் அவருக்கே தெரியவில்லையாம். எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தவளையை அறுப்பது எப்படி என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்றேன். ஹெட்மாஸ்டரிடம் கேட்டார். அவர், சம்பளம் சரியாக வருகிறதா என்று திருப்பிக் கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மனுஷன் சைக்கிளை எடுத்தார்.

காஞ்சிரங்குளத்தில் தங்கையன் சார். அவர் சொன்னது: புஸ்தகத்தில் போட்டிருக்கிறதே, பிறகு என்ன? நெய்யாற்றின்கரைப் பக்கம் மலையாளப் பள்ளிக்கூடத்தில் கிருஷ்ணன்குட்டி சார். அவர், “அது நியமமாணு சாறே, சோத்யமில்லா” என்றார். அது விதியாம், கேள்வியே கிடையாதாம். சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பினார். களியக்காவிளை, கொல்லங்கோடு, அம்பூரி என்று நாலு ஞாயிறு சுற்றினார். இரண்டு மொழிகளிலும் தேடிவிட்டார். தமிழில் கணக்கு வாத்தியாருக்குத் தெரியாதது மலையாளத்தில் கணக்கு வாத்தியாருக்கும் தெரியவில்லை. ராஜ்யத்தில் அப்போது இரண்டு கூட்டமும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: “டீச்சர், பன்னிரண்டு வருஷமா நான் பிள்ளையளுக்கு மந்திரமாக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன். கணக்கு இல்ல.”

அதோடு விட்டாரா? வகுப்பின் நடுவில் பிரேமகுமாரியைக் கூப்பிட்டு, அடித்தது தப்பு, எனக்குத் தெரியாதுதான் என்று சொல்லிவிட்டார். ஐயோ, அன்று நடந்த அமளி! வாத்தியார் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் நாளைக்குப் பிள்ளைகள் பைபிளிலும் கேள்வி கேட்கும் என்று மேனேஜர் சத்தியதாஸ் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். சத்தியதாஸ் எங்கள் பள்ளியை நடத்திய கமிட்டியின் மேனேஜர். பெயரிலேயே சத்தியம் இருந்ததால் வேறெங்கும் தேட வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை.

இப்படித்தான் சனிக்கிழமைக் கிளாஸ் தொடங்கியது. பிள்ளைகளுக்கில்லை, வாத்தியார்களுக்கு. இப்போது இதற்கெல்லாம் அரசாங்கம் பெரிய பெயர் வைத்து, பேட்டா கொடுத்து, பாயசத்தோடு சாப்பாடும் போடுகிறது. அன்று ரெத்தினதாஸ் சார் கொடுத்தது அவர் மனைவி புஷ்பபாய் அவித்த மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கும், தொட்டுக்கொள்ள அரைத்த காந்தாரி மிளகுச் சம்மந்தியும். அதற்கே எட்டுப் பேர் சேர்ந்தோம். ஆறு பேர் தமிழ், இரண்டு பேர் மலையாளம். பெண் நான் ஒருத்தி. ஊர் வாய் சும்மா இருக்குமா? அது தன் வேலையைச் செய்தது, நான் என் வேலையைச் செய்தேன்.

சட்டம் ஒன்று வைத்தார். ஒவ்வொரு வாரமும் ஒருவர் தனக்குச் சரியாகத் தெரியாத பாடத்தை எடுத்துக்கொண்டு, நிஜமான பிள்ளைகளுக்கு எங்கள் முன்னால் நடத்த வேண்டும். மற்றவர்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்து, பிள்ளைகள் எங்கே விழிக்கின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். முடிந்ததும் ‘நன்றாக இருந்தது’ என்று யாரும் சொல்லக் கூடாது. சனிக்கிழமை பிள்ளைகள் எங்கிருந்து வரும் என்கிறீர்களா? மரச்சீனிக்கு வரும். ஏழெட்டுப் பிள்ளைகள் தவறாமல் வந்தன. முதல் ஆளாகப் பிரேமகுமாரி.

வாத்தியாரிடம் போய் உனக்கு எது தெரியாது என்று கேட்பதும், பெரிய வீட்டுக்காரனிடம் போய் உன் வீட்டில் எது திருடியது என்று கேட்பதும் ஒன்று. தங்கையன் சார் தனக்குத் தெரியாத பாடம் ஒற்றை எண், இரட்டை எண் என்று அறிவித்து ஒரு மணி நேரம் நடத்தினார். அவ்வளவு சுத்தமான அறியாமையை நான் கண்டதில்லை. என் முறை வந்தபோது பொருள்கள் மிதப்பது ஏன் என்று எடுத்தேன். பொழியூரிலிருந்து சித்தி வீட்டுக்கு வந்திருந்த ஒரு பையன், நனைந்து ஊறிய கட்டுமரம் தாழ்வதைப் பற்றிக் கேட்டான். நான் கட்டுமரத்தைத் தொட்டதுகூட இல்லை. மூஞ்சி செத்துப்போயிற்று. பின்பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் ரெத்தினதாஸ் சார் எனக்காகச் சைக்கிளில் பொழியூர் போய், நாலு மரத்துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு வாளித் தண்ணீரில் அவற்றைப் போட்டுப் பார்த்து, ஒன்பது வருஷமாக நான் ஒப்பித்த பாடத்தை அன்றுதான் படித்தேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பின்னமும் ஓரளவு பிடிபட்டது. இரண்டு மரச்சீனிக் கிழங்கு. ஒரு கிழங்கில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு பிள்ளைக்கு. எத்தனை பிள்ளைகளுக்குக் காணும்? சார் இரண்டு கிழங்கையும் மும்மூன்றாக வெட்டினார். ஆறு துண்டு. இரண்டிரண்டாக எடுத்து வைத்தார். மூன்று பிள்ளை. அதாவது மூன்றால் பெருக்கி இரண்டால் வகுத்திருக்கிறோம், அந்தத் தலைகீழ் வித்தை இவ்வளவுதான். கிருஷ்ணன்குட்டி சார் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார். பத்தொன்பது வருஷ சர்வீஸாம் அவருக்கு.

பிரேமகுமாரி தன் பங்கைத் தின்று முடித்துவிட்டுக் கேட்டாள்: “அப்ப அரையை முக்காலால வகுத்தா? அரைக்குள்ள முக்கால் எப்படி சார் போவும்?”

போச்சு. ஒன்பது வாத்தியார்களும் மரச்சீனியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். விதிப்படி போட்டால் விடை மூன்றில் இரண்டு வரும். ஏன் வரும் என்று காட்ட முடியவில்லை. சின்னப் பாத்திரத்தில் பெரிய பொருளைத் திணிப்பதுபோல இருந்தது. வாரக்கணக்கில் வெட்டினோம், அடுக்கினோம். புஷ்பபாய்க்கு மரச்சீனி தீர்ந்ததே தவிர கணக்குத் தீரவில்லை.

அதற்குள் ஐம்பத்து நான்கு ஆகஸ்டு வந்துவிட்டது. மலையாள ராஜ்யத்தில் இருந்த எங்கள் தெற்குத் தாலுக்காக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் முற்றி, போலீஸ் வெடிவைப்பு நடந்து, குண்டு பட்டு ஆட்கள் செத்து, ஊரெல்லாம் பயம். கூட்டம் கூடக் கூடாது என்று உத்தரவு. டெல்லியிலிருந்து கமிஷன் வருகிறது, எல்லை போடப் போகிறார்கள் என்று சாயாக்கடையில் தினம் ஒரு கோடு போட்டார்கள். ஒருத்தன் கோட்டைப் பாலராமபுரத்தில் போடுவான், இன்னொருத்தன் குழித்துறை ஆற்றில் போடுவான். சாயா ஆறுவதற்குள் ராஜ்யம் இரண்டு தடவை நகரும்.

ரெத்தினதாஸ் சார் ஒழுங்காக மேனேஜரிடம் போய், கிளாஸை நிறுத்த வேண்டுமா என்று கேட்டார். கணக்குதானே, நடத்தும் என்றார் சத்தியதாஸ். வாயால் சொன்னார். வாய்ச் சொல்லுக்குச் சாட்சி கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இந்த நேரம் பார்த்து எங்கள் ஆளுக்கு நிலம் அளக்கும் பாடம் நினைவுக்கு வந்தது. புஸ்தகத்தில் முக்கோணத்தின் பரப்பளவைப் படம் போட்டுக் கற்பிக்கிறோம், ஒருநாளாவது ஒரு விளைநிலத்தை அளந்தது உண்டா என்றார். இல்லைதான். உடனே தென்னங்கயிற்றில் கெஜத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டார். மூங்கில் கம்புகள் வெட்டி, தூரத்தில் தெரியட்டும் என்று நுனியில் சிவப்புத் துணி கட்டினார். ஓடைக்கரையில் சுவாமிதாஸ் என்பவரின் மூன்று மூலை மரச்சீனி விளையைத் தேர்ந்தெடுத்தார். நாடு முழுக்க எல்லைக்கோட்டுக்காக வெட்டும் குத்துமாக இருக்கும்போது, ஒன்பது படித்த ஜனங்கள் கயிறும் கொடியுமாக வயலில் இறங்கி, கண்ணைச் சுருக்கி நேர்க்கோடு பார்த்தோம். படித்தவர்களுக்குத்தான் இந்த அளவுக்குப் புத்தி வேலை செய்யும்.

அரை மணி நேரத்தில் சுவாமிதாஸ் ஓடி வந்தார். கோடு அவர் வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே போகிறது. “சாறே, இனி தண்ணி கோர நான் அடுத்த ராஜ்யத்துக்குப் போவணுமா?” என்று கேட்டு அழாத குறை. இது எல்லை இல்லை, பாடம் என்று ரெத்தினதாஸ் சார் விளக்கினார். அந்த நேரம் கம்பு பிடித்து நின்றது தங்கையன் சார். வாழ்நாளில் முதல்முறையாக ஒருத்தர் தன்னை அதிகாரி என்று நினைத்ததும் அவருக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. இரண்டு கோல் தள்ளிப் போட முடியுமா என்று சுவாமிதாஸ் கேட்டார். ‘பார்க்கலாம்’ என்றார் தங்கையன் சார். ஒரு குலை ஏத்தன் வாழைப்பழம் வந்தது. அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

பிறகு கேட்க வேண்டுமா? பழம் கொடுத்தால் எல்லை நகரும் என்று ஊர் முழுக்கச் செய்தி பரவியது. கோழியோடு ஒருத்தர் வந்தார், பலாச்சக்கையோடு இரண்டு பேர் வந்தார்கள். தன் விளை தமிழ்ப் பக்கம் போக வேண்டும் என்று ஒருத்தர், வேண்டாம் என்று அவருடைய சொந்தத் தம்பி. ஓடைக்கு அந்தப்புறம் ஒரு கோஷம், இந்தப்புறம் ஒரு கோஷம். இருநூறு பேர் ஆனார்கள். எங்கிருந்தோ ஒரு கல் வந்தது. அதன் பின்னால் போலீஸ் வந்தது.

நாங்கள் ஓடினோம். நானும்தான். மரச்சீனிக் கம்புகளுக்கு நடுவே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். கிருஷ்ணன்குட்டி சார் எனக்கு முன்னால் ஓடினார். தங்கையன் சார் பழக்குலையோடு ஓடினார். ரெத்தினதாஸ் சார் ஓடவில்லை. மூன்றாவது பக்கம் இன்னும் அளந்து முடியவில்லையாம். கயிற்றின் நுனியைப் பிடித்தபடி நின்றவரை அப்படியே வண்டியில் ஏற்றினார்கள்.

ஒன்பது நாள் லாக்கப். தடையை மீறிக் கூட்டம் கூட்டினான், எல்லை அளந்தான், ஜனங்களைத் தூண்டினான் என்று குற்றம். துணி சிவப்பு என்பதால் கம்யூனிஸ்டோ என்று தனியாக ஒருநாள் விசாரித்தார்களாம். எல்லைக் கோரிக்கைக்காகச் செய்தேன், இனிச் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் அன்றே விடுகிறோம் என்றார்கள். இவர், கணக்குப் பாடம் நடத்தினேன் என்று எழுதிக் கொடுத்தார். கிழித்துப்போட்டு, வலது கையில் அடித்து, வேறு தாள் கொடுத்தார்கள். அதிலும் கணக்குப் பாடம் என்றே எழுதினார். இடது கையால்.

நாலாவது நாள் மேனேஜர் எங்கள் எட்டுப் பேரையும் பள்ளிக்கு வரச் சொன்னார். வேறு பள்ளிக்காரர்களுக்கு அவரவர் மேலதிகாரி மூலம் சொல்லியனுப்பினார்கள். மேஜையில் இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு தாள். கணக்கு வகுப்பு என்று சொல்லி ரெத்தினதாஸ் எங்களை ஏமாற்றி அழைத்தார், அது அரசியல் கூட்டம் என்பது எங்களுக்குத் தெரியாது என்று அதில் இருந்தது. கீழே ஒப்புப் போட்டால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் கேட்பார், நான் பொறுப்பில்லை என்றார். நடத்தும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை.

தங்கையன் சார் முதலில் போட்டார். கிருஷ்ணன்குட்டி சார் அழுதுகொண்டே போட்டார். போட்டுவிட்டுக் கையெழுத்துச் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். அந்த வருஷத்தில் தமிழரும் மலையாளியும் மொழி பேதமில்லாமல், சாதி பேதமில்லாமல் ஒன்றாகச் செய்த ஒரு காரியம் உண்டென்றால் அது இதுதான். எட்டாவதாக நான். என் கணவருக்கு அப்போது வேலை கிடையாது, கைக்குழந்தை வேறு. இதைக் காரணம் என்றும் சொல்லலாம், சாக்கு என்றும் சொல்லலாம். முப்பது வருஷமாக நான் இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். போட்டேன்.

போலீஸ் அவரை வழக்கில்லாமல் விட்டது. வேலையிலிருந்து நீக்கியது எங்கள் தாள்தான். போலீஸுக்குக்கூட அவர் மேல் சாட்சி கிடைக்கவில்லை, கமிட்டிக்கு எட்டுச் சாட்சி இருந்தோம். கணக்கு வகுப்புக்கு ஆள் வேண்டுமே? மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். பணி நிரந்தரத்தோடு அதையும் சேர்த்துக் கொடுத்தார். சாக்பீஸ் டப்பாவில் ரெத்தினதாஸ் சார் உடைத்து வைத்திருந்த துண்டுகள் அப்படியே கிடந்தன. அதையே எடுத்து எழுதினேன்.

அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். பாறசாலைச் சந்தையில் ஒரு தேங்காயெண்ணெய்க் கடையில் அளந்து ஊற்றும் வேலைக்குச் சேர்ந்தார். தமிழ்ப் பக்கத்துக் கட்சிக்காரர்கள் நிஜ மாலையோடு அவர் வீட்டுக்கு வந்தார்கள். போராட்டத்தில் கைதானேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், தாலுக்கா தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் நல்ல பள்ளியில் வேலை வாங்கித் தருகிறோம் என்றார்கள். புஷ்பபாய் கதவுக்குப் பின்னால் நின்று, எழுதும், எழுதும் என்று கைகாட்டினாளாம். அவர் சொன்ன பதிலை அவளே பிறகு என்னிடம் வந்து, கோபமாகச் சொன்னாள்.

“எனக்கும் அந்தப் பக்கம் சேரணும்னு ஆசை உண்டு. எனக்க தாய்மொழி அது. ஆனா அன்னைக்கு நடந்தது கணக்காக்கும்.”

பாருங்கள் கூத்தை. போலீஸுக்கு வேண்டியது, மேனேஜருக்கு வேண்டியது, கட்சிக்கு வேண்டியது எல்லாம் ஒரே பொய். யாரும் யாரோடும் கலந்து பேசாமலே ஒத்துப்போயிருந்தார்கள். இந்த ஒரு மனுஷன் மட்டும் எந்தப் பக்கமும் ஒப்புப் போடாமல் எண்ணெய் அளந்தார்.

ஐம்பத்தாறு நவம்பரில் நிஜமாகவே எல்லை போட்டார்கள். விளவங்கோடு தமிழ்ப் பக்கம், நெய்யாற்றின்கரை மலையாளப் பக்கம். எங்கள் ஊர் மலையாளப் பக்கமே நின்றது. ஒரு பழக்குலையும் செலவாகவில்லை.

அந்த டிசம்பரில், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து நான் வீட்டுக்கு வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தபோது ரெத்தினதாஸ் சார் வந்தார். இரண்டு வருஷத்தில் நாங்கள் நேருக்கு நேர் பேசியதில்லை. சர்ச்சில் அவர் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம். கர்த்தர் அவ்வளவு வசதியாகப் பிரித்து வைத்திருந்தார். சட்டையெல்லாம் எண்ணெய். வலது கையின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

விஷயத்தைச் சொன்னார். புதிய பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஒருவர் பழைய பைலைப் பார்த்திருக்கிறார். அந்த எட்டுப் பேரில் ஒருவராவது, அது கணக்கு வகுப்புதான் என்று எழுதிக் கொடுத்தால் திரும்ப வேலைக்கு எடுக்க முடியும் என்றாராம். வருஷ முடிவுக்குள் கொடுக்க வேண்டும், பிறகு பழைய ராஜ்யத்துப் பைல்களையெல்லாம் மூடிவிடுவார்கள். ஏழு பேரையும் பார்த்தாயிற்றாம். தங்கையன் சார் வீட்டில் இல்லை என்று உள்ளேயிருந்தே சொல்லியனுப்பினாராம். கிருஷ்ணன்குட்டி சார் மறுபடி அழுதாராம்.

“டீச்சர், பெரிசா ஒண்ணும் எழுதண்டாம். ஒரு வரி போதும். எனக்கு எழுத ஒரு போர்டு வேணும், அவ்வளவுதான்.”

நான் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டேன். எழுதினால் அன்று போட்டது பொய் ஒப்பு என்றாகும். அவர் திரும்பி வந்தால் கணக்கு வகுப்பு அவருக்குப் போகும், என் நிரந்தரம் என்னவாகும்? இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. “எனக்கும் பிள்ளைகள் உண்டு சார்” என்றேன். அவருக்கும் மூன்று உண்டு என்பது எனக்குத் தெரியாததுபோல.

“அது சரியாக்கும்” என்றார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன், போகட்டும் என்றும் நினைத்தேன். அவர் போகவில்லை. என் அடுக்களையில் காலியாக இருந்த ஒரு குப்பியைக் காட்டி, அதை எடுக்கலாமா என்று கேட்டார்.

அரையை முக்காலால் வகுப்பதற்கு வழி கண்டுபிடித்துவிட்டாராம். எண்ணெய்க் கடையில், குப்பி பிடித்து நின்றபோது. அடுப்புக்கரியால் குப்பியில் நாலு சமமான பங்குக்குக் கோடு போட்டார். அரை நாழி எண்ணெய் ஊற்றினால் இந்தக் குப்பி முக்கால் நிறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்குப்பிக்கு எவ்வளவு பிடிக்கும்? அரை நாழி மூன்று கோட்டை நிறைத்திருக்கிறது. அப்போது ஒரு கோட்டுக்கு, அரையை மூன்றால் வகு. முழுக்குப்பிக்கு நாலு கோடு, நாலால் பெருக்கு. மூன்றில் இரண்டு நாழி. மூன்றால் வகுத்து நாலால் பெருக்கியாயிற்று, முக்கால் தானே தலைகீழாகிவிட்டது. அரைக்குள் முக்காலை யாரும் திணிக்கவே வேண்டாம், முக்காலிலிருந்து முழுசுக்குப் போனால் போதும்.

நாங்கள் ஒன்பது பேர் மாதக்கணக்கில் வெட்டியும் கிடைக்காதது. வெட்கத்தையும் மறந்து, இன்னொரு தடவை சொல்லுங்கள் சார் என்றேன். சொன்னார். வேறு எண்களை வைத்து என்னைச் செய்யச் சொன்னார். ஓர் இடத்தில் தப்பினேன், திருத்தினார். அவர் முகம் அந்தப் பழைய சனிக்கிழமை முகம்தான்.

“இனி பிள்ளையளுக்கு இப்படிச் சொல்லிக் குடும்” என்று குப்பியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். அப்படியே இறங்கிப் போனார். வருஷம் முடிந்தது. பைலை மூடினார்கள்.

நான் சொல்லிக்கொடுத்தேன். ஆறாம் வகுப்பில் குப்பியை வைத்து நடத்தினேன். தட்டிக்கு அந்தப்புறம் இருந்த ஹெட்மாஸ்டர் வந்து எட்டிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் வந்தபோது வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்கின. அடுத்த வருஷம் திருவனந்தபுரத்தில் கணக்கு, சயன்ஸ் வாத்தியார்களுக்கு முதல்முறையாக அரசாங்கமே ஒரு வாரப் பயிற்சி வைத்தது. அறுபது பேர் முன்னால் அந்தக் குப்பிப் பாடத்தை நடத்த என்னைத்தான் கூப்பிட்டார்கள். தங்கையன் சாரும் வந்திருந்தார், முதல் வரிசையில் உட்கார்ந்து நோட்டு எழுதினார். இந்த வழி எப்படிக் கிடைத்தது என்று மேடையில் கேட்டார்கள்.

அடுக்களையில் நின்றபோது எனக்குத் தோன்றியது என்றேன். கைதட்டினார்கள். ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள்.

அறுபதாம் வருஷம் ரெத்தினதாஸ் சாரின் கடைசி மகள் ரத்னபாய் ஆறாம் வகுப்புக்கு வந்தாள், என்னிடம். அப்பாவைப்போலவே விடாத பிள்ளை. அவளுக்கும் குப்பியை வைத்துத்தான் நடத்தினேன். இதைக் கண்டுபிடித்தது யார் டீச்சர் என்று கேட்டாள். முப்பத்தைந்து பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தன. நான்தான் என்றேன்.

மறுநாள் காலையில் அவள் பையை வைப்பதற்கு முன்னாலேயே என் மேஜைக்கு வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

“நேத்து அப்பாட்ட அந்தக் குப்பிக் கணக்கச் சொன்னேன் டீச்சர். நீங்க கண்டுபிடிச்சதுன்னும் சொன்னேன். அப்பா முழுக்கக் கேட்டாவ. நல்ல டீச்சராக்கும் மக்கா, அவிய சொல்லுததக் கேட்டுப் படின்னு சொன்னாவ.”

அவளைப் போய் உட்காரச் சொன்னேன். அன்றைக்குப் பாடம் நடத்த முடியவில்லை. தலைவலி என்று சொல்லி, பிள்ளைகளுக்குப் பத்துக் கணக்கு எழுதிப் போட்டுவிட்டு, மணி அடிக்கும்வரை கரும்பலகையைப் பார்த்தபடி நின்றேன்.